பிளஸ் டூ பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறவர்களுக்கு

உங்கள் தெருவில் ஒரு பிள்ளை பிளஸ் டூ போகிறது. அப்பா கொத்து வேலை, அம்மா நூறு நாள் வேலை, இருவரும் எட்டாவதைத் தாண்டாதவர்கள். "எங்களுக்கு ஒன்னும் தெரியாதுங்க, நீங்க படிச்சவங்க, அடுத்து என்ன சேக்கலாம்னு பாத்துச் சொல்லுங்க" என்று உங்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். நீங்களும் சரி என்று சொல்லிவிட்டீர்கள். ஆனால் நீங்கள் கல்லூரியில் சேர்ந்து பத்துப் பதினைந்து வருடம் ஆகிறது, இப்போது எல்லாமே ஆன்லைன், எதில் தொடங்குவது என்று தெரியவில்லை. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்துக்காரன், எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. எட்டு வருடமாக எங்கள் ஊர், சுற்று ஊர்களின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு கோடை தொடங்கிக் கல்லூரி திறக்கும் வரை உட்கார்ந்து வருகிறேன். முதல் வருடம் எனக்கு இருந்த எண்ணம், மார்க் வாங்க வைத்துவிட்டால் போதும், மற்றது தானாக நடக்கும் என்பது. அது தப்பு என்று இரண்டாவது வருடமே தெரிந்துவிட்டது.

அந்த வருடம் ஒரு பெண், பொறியியல் கட் ஆஃப் 200க்கு 168. எங்கள் பகுதிக்கு அது நல்ல மார்க். பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருந்தாள். வீட்டில் இருந்தது அப்பாவின் பட்டன் ஃபோன், அதுவும் பாதி நாள் ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கும் என்பதால் சென்டர் வைத்திருந்தவர் தன்னுடைய நம்பரையே போட்டுப் பதிந்துவிட்டார், மெயிலும் அவரே உண்டாக்கியதுதான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குப் பதிகிற மனிதர். அலாட்மென்ட் வந்தது, அதாவது சீட் ஒதுக்கிவிட்டார்கள், உறுதி செய்ய இரண்டு நாள் அவகாசம். அந்த இரண்டு நாளும் சென்டர் பூட்டியிருந்தது, அவர் ஊரில் திருவிழா. மூன்றாம் நாள் காலையில் பள்ளிக்கூடப் பையோடு என் வீட்டுக்கு வந்தாள், சைட்டைத் திறந்து பார்த்தோம், சீட் போய்விட்டது. அரசு கலைக் கல்லூரியில் கணிதம் சேர்ந்து நன்றாகப் படித்தாள், இப்போது வேலையில் இருக்கிறாள். ஆனாலும் அந்த சீட் அவள் உழைத்து வாங்கியது. மே மாதமே "எந்த நம்பர் குடுத்திருக்க?" என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் தவறவிடுவது பெரும்பாலும் இப்படித்தான். ஒரு தேதி, ஒரு சான்றிதழ், ஒரு ஓடிபி. அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் பக்கத்தில் இருந்தால் போதும், பெரிய கல்வியாளர் எல்லாம் தேவையில்லை.

எப்போது தொடங்குவது

பிளஸ் ஒன் முடிந்து வருகிற மே மாதம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு தொடங்கினால் நீங்கள் ஓடிக்கொண்டே இருப்பீர்கள், பிள்ளையும் பதற்றத்திலேயே இருக்கும். பத்தாவது முடிக்கிற பிள்ளை கிடைத்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பாதிக் கதவுகள் பிளஸ் ஒன்னில் எந்த குரூப் எடுக்கிறார்கள் என்பதிலேயே திறக்கின்றன அல்லது மூடிவிடுகின்றன. கணிதம்-உயிரியல் குரூப் எடுத்தால் பொறியியலும் திறந்திருக்கும், மருத்துவம் சார்ந்த படிப்புகளும் திறந்திருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தால் உயிரியல் பக்கம் போக முடியாது. வணிகவியல் குரூப்பை 'மார்க் இல்லாத பிள்ளைகள் எடுப்பது' என்று ஊரில் சொல்வார்கள், அதைக் காதில் வாங்க வேண்டாம். ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. படிக்க பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன் என்கிற முதல் கட்டத் தேர்வு எழுதலாம், அதற்குக் கல்லூரிக் கட்டணம் போல லட்சக்கணக்கில் கட்ட வேண்டியதும் இல்லை.

முதல் நாள் என்ன பேசுவது

"நீ என்ன ஆகப் போற?" என்று கேட்காதீர்கள். பதினேழு வயதுப் பிள்ளைக்குக் கண்ணில் பட்ட வேலைகள் ஏழெட்டுதான் இருக்கும்: டீச்சர், நர்ஸ், போலீஸ், இன்ஜினியர், டாக்டர், கலெக்டர், பேங்க். கேட்டவுடன் அதில் ஒன்றைச் சொல்லிவிடும், அதையே பிடித்துக்கொண்டு நீங்கள் மூன்று மாதம் ஓடுவீர்கள்.

ஒரு பையன் என்னிடம் போலீஸ் என்றான். சரி, லீவில் என்ன பண்ணுவே என்று கேட்டேன். மாமாவோடு போர் மோட்டார் ரிப்பேருக்குப் போவேன் என்றான். அங்கே என்ன வேலை செய்வே என்று கேட்டதும் பையன் ஆளே மாறிவிட்டான். ரஃப் நோட்டின் பின்பக்கத்தைத் திருப்பி ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரின் வயரிங்கைக் கோடு கோடாக வரைந்து, மோட்டார் முதலில் எந்த இணைப்பில் கிளம்புகிறது, எத்தனை விநாடி கழித்து எதற்கு மாறுகிறது, ரிலே எங்கே இருக்கிறது, மழைக்காலத்தில் எது எரிந்துபோகும் என்று பத்து நிமிடம் சொன்னான். இயற்பியலில் அவன் மார்க் 52. பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், அப்படி எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ சேர்த்தோம். இப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறான். டிப்ளமோவை வைத்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரும் வழியும் அவனுக்குத் திறந்தே இருக்கிறது.

அதனால் கேட்க வேண்டியது வேறு. எந்தப் பாடம் நடக்கும்போது நேரம் போவது தெரியவில்லை? வீட்டில் என்ன வேலை உன் தலையில்? யார் ஃபோன் கெட்டால் உன்னிடம் கொண்டு வருவார்கள்? வெளியூர் போய்த் தங்குவாயா, வீட்டில் விடுவார்களா? பெண் பிள்ளை என்றால் இந்தக் கடைசிக் கேள்வியை அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள். அப்பா முன்னால் எல்லாரும் சரி என்பார்கள், ஜூலையில் சீட் கிடைத்த பிறகு "அவ்ளோ தூரம் வேணாம்" என்பார்கள். கல்யாணப் பேச்சு ஏதும் ஓடுகிறதா என்பதும் அப்போதுதான் தெரியவரும். அது தெரிந்தால் உடனே தலைமை ஆசிரியரையும் பிள்ளை மதிக்கிற ஒரு டீச்சரையும் கூட்டிக்கொண்டு ஒரு முறை வீட்டுக்குப் போய் வாருங்கள்.

கோடையில் ஒரு நாள் பிள்ளையைப் பக்கத்திலுள்ள அரசுக் கல்லூரிக்குச் சும்மா கூட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிக்குப் போவோம். லேப் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, லைப்ரரியில் ஐந்து நிமிடம் நின்று, கேன்டீனில் டீ குடித்துவிட்டு வருவோம், அவ்வளவுதான். கல்லூரி வாசலைத் தாண்டி ஒரு முறை உள்ளே போய் வந்த பிள்ளைக்கு அடுத்த வருடப் படிப்பு கண்ணால் பார்த்த ஓர் இடமாகிவிடுகிறது.

காகிதங்கள்

இதுதான் அலுப்பான வேலை, இதில்தான் அதிகம் தோற்கிறோம். ரூல் போட்ட நோட்டு ஒன்று, பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று, இரண்டையும் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு ஃபோன் நம்பர், ஒரு மெயில், அதன் பாஸ்வேர்டு. அந்த நம்பர் பிள்ளையுடையது, இல்லையென்றால் அதே வீட்டில் இருப்பவருடையது. வேறு யாருடையதும் கூடாது, உங்களுடையதும் கூடாது. ஆகஸ்ட் வரை அந்த சிம்முக்கு ரீசார்ஜ் போட வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

அடுத்து பெயர். பத்தாவது மார்க் ஷீட், ஆதார், பேங்க் பாஸ்புக், சாதிச் சான்றிதழ் நான்கையும் தரையில் வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால், ஒன்றில் அப்பா பெயரே முழுசாக ஒட்டியிருக்கும், ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருக்கும். ஆதாரில் தப்பு என்றால் இப்போதே திருத்திவிடலாம். பள்ளிப் பதிவேட்டில் தப்பு என்றால், பொதுத் தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போவதற்கு முன்பே தலைமை ஆசிரியரிடம் சொல்ல வேண்டும், மார்க் ஷீட் அச்சாகிவிட்ட பிறகு திருத்துவது நீண்ட அலைச்சல்.

சான்றிதழ்களுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் போதும், ஒன்றுக்குக் கட்டணம் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று அது மேலே போகும். சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழ் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும் என்பதால் அதை மட்டும் பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு வாங்குங்கள். வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்கலாம், கவுன்சிலிங் மூலம் தொழிற்கல்வி சேரும்போது அதற்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் அது குடும்பத்தில் ஒரு பிள்ளைக்குத்தான், அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே அந்தச் சலுகையில் படித்திருந்தால் கிடையாது. எட்டாவது முதல் பிளஸ் டூ வரை ஏதாவது ஒரு வருடம் வெளி மாநிலத்தில் படித்திருந்தால் இருப்பிடச் சான்றிதழும் தேவை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போய்வந்த பிள்ளைகள் எங்கள் பக்கம் உண்டு, அவர்களிடம் எந்த வருடம் எங்கே படித்தாய் என்று கட்டாயம் கேளுங்கள்.

ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் என்று போகிற பிள்ளைக்கு இன்னொரு காகிதம் வேண்டும். நம் பி.சி., எம்.பி.சி. சான்றிதழை அங்கே ஏற்க மாட்டார்கள், மத்திய அரசின் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டில், அதாவது ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும். இங்கே பி.சி. பட்டியலில் இருக்கிற எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை என்பதால் முதலில் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளையா? அப்படியென்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளுக்கு 2021இலும் சட்டம் கொண்டுவந்தார்கள். அதில் சேருகிற பிள்ளைகளின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. ஒன்பதாவதில் ஒரு வருடம் மட்டும் பக்கத்துத் தனியார் பள்ளிக்கு மாறிவிட்டுத் திரும்பி வந்த பிள்ளைக்கு இது கிடைக்காது. ஆகவே ஆறாவது, ஏழாவதில் தம்பி தங்கைகள் இருக்கிற வீட்டில் இதைத் தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும்.

கதவுகள் எத்தனை

பிள்ளைகளும் பெற்றோரும் வைத்திருக்கிற பெரிய தப்பெண்ணம், 'கவுன்சிலிங்' என்று ஒன்றே ஒன்று இருக்கிறது, அதில் பதிந்துவிட்டால் எல்லாமும் வந்துவிடும் என்பது. அப்படி இல்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனி விண்ணப்பம், தனி சைட், தனித் தேதி.

பொறியியலுக்கு டி.என்.இ.ஏ. என்கிற கலந்தாய்வு, அதை நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்குத் தனி இணையதளம், ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகள் கேட்கலாம், கட்டணமும் குறைவு. வேளாண்மைக்குக் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கால்நடை மருத்துவத்துக்கு அதற்கான பல்கலைக்கழகம், மீன்வளத்துக்கு நாகப்பட்டினத்திலுள்ள பல்கலைக்கழகம், ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம். இவை எல்லாவற்றிலும் மாநில ஒதுக்கீட்டுக்குப் பிளஸ் டூ மார்க்தான், நுழைவுத் தேர்வு கிடையாது. பொறியியலுக்கு 2007இலிருந்தே நுழைவுத் தேர்வு இல்லை. பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம், லேப், ரேடியாலஜி மாதிரியான படிப்புகளுக்கு மருத்துவக் கல்வி இயக்ககம் தனியாக விண்ணப்பம் வாங்குகிறது, அங்கேயும் மார்க்தான். டாக்டர் சீட் இல்லையென்றால் மருத்துவத் துறையே இல்லை என்று அழுகிற பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நுழைவுத் தேர்வு வேண்டியவை தனி. எம்.பி.பி.எஸ்.சுக்கு நீட், ஐ.ஐ.டி., என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ., ஆர்க்கிடெக்சருக்கு நாட்டா, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022இலிருந்து க்யூட், கப்பல் துறைப் படிப்புகளுக்குச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தேர்வு, ஹோட்டல் மேலாண்மைக்குத் தரமணியிலுள்ள மத்திய அரசு நிறுவனத்தில் சேர ஒரு தேர்வு. நீட்டையும் ஜே.இ.இ. மெயினையும் தமிழிலேயே எழுதலாம். இவற்றில் பலவற்றுக்கு விண்ணப்பம் பிளஸ் டூ தேர்வுக்கு முன்பே திறந்துவிடும். ஜே.இ.இ. முதல் கட்டத்துக்கு அக்டோபர், நவம்பரிலேயே பதிய வேண்டியிருக்கும். அதனால்தான் பிளஸ் ஒன் முடிந்த மே மாதத்திலேயே உட்காரச் சொல்கிறேன்.

ஓவியம் வரைகிற பிள்ளை என்றால் எழும்பூரிலும் கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. கேமரா, எடிட்டிங் என்று கண் விரிகிற பிள்ளைக்குத் தரமணியில் அரசு திரைப்படக் கல்லூரி. ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020இல் தொடங்கிய ஆன்லைன் பி.எஸ். படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை, அவர்களே நான்கு வாரப் பாடம் நடத்தித் தகுதித் தேர்வு வைக்கிறார்கள், குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. பக்கத்துக் கல்லூரியில் ஒரு டிகிரி படித்துக்கொண்டே இதையும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கணக்கில் பிடிப்பு இருந்தால் தைரியமாக முயற்சி செய்யச் சொல்லுங்கள்.

அரசு வேலைதான் வேண்டும் என்கிற பிள்ளையை மடக்காதீர்கள். டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4க்கும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கும் பத்தாவதுதான் தகுதி, வயது வந்ததும் கல்லூரியில் படித்தபடியே எழுதலாம். குரூப் 2க்கு ஏதாவது ஒரு டிகிரி. இதைச் சொன்னால் 'டிகிரியா, வேலையா' என்கிற குழப்பமே போய்விடுகிறது.

விண்ணப்பமும் சாய்ஸும்

பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வரும், டி.என்.இ.ஏ. பதிவும் அதையொட்டியே திறக்கும். பொறியியல் கட் ஆஃப் 200க்கு. கணிதம் 100க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. கணிதம் 78, இயற்பியல் 71, வேதியியல் 83 என்றால் 78, 35.5, 41.5, மொத்தம் 155. இந்தக் கணக்கைப் பிள்ளையையே போடச் சொல்லுங்கள், அரையாண்டு மார்க்கை வைத்து ஒருமுறை, ரிசல்ட் வந்ததும் ஒருமுறை. எந்தப் பாடத்தில் ஐந்து மார்க் ஏறினால் எவ்வளவு ஏறும் என்று அப்போது அதற்கே புரியும். பிளஸ் ஒன் மார்க் இதில் சேராது.

ஸ்கேன் செய்யும்போது ஒரிஜினலை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள், ஜெராக்ஸை ஃபோனில் படம் பிடித்து ஏற்ற வேண்டாம். வீட்டில் வசதி இல்லாதவர்களுக்காக மாவட்டந்தோறும் டி.என்.இ.ஏ. உதவி மையங்கள் இருக்கின்றன, பதிவிலிருந்து சாய்ஸ் வரை அங்கேயே உட்கார்ந்து செய்யலாம். ரேங்க் பட்டியல் வந்ததும் பெயர், சாதிப் பிரிவு, மார்க் சரியா என்று அன்றைக்கே பாருங்கள், தப்பு இருந்தால் சொல்வதற்குச் சில நாள்தான் தருவார்கள். அரசுப் பள்ளி ஒதுக்கீட்டில் வருகிற பிள்ளைக்குத் தனி ரேங்கும் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்போது சாய்ஸ் ஃபில்லிங், அதாவது எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசைப்படுத்திக் கொடுப்பது. இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். போன வருடம் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்தச் சாதி ஒதுக்கீட்டில் கட் ஆஃப் எவ்வளவில் முடிந்தது என்று டி.என்.இ.ஏ. சைட்டிலேயே இருக்கிறது. அதைப் பார்த்து முதலில் காகிதத்தில் எழுதுங்கள். பிள்ளைக்கு எது அதிகம் பிடிக்குமோ அது மேலே. 'இது எப்படியும் கிடைக்காது' என்று நல்ல கல்லூரியை விட்டுவிடாதீர்கள், 'இதுதான் கிடைக்கும்' என்று சுமாரானதை முதலில் போட்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டர் மேலிருந்துதான் பார்த்துக்கொண்டு வரும், கிடைக்காததைத் தாண்டி அடுத்ததற்கு வரும், மேலே பெரிய ஆசை வைத்ததால் கீழே இருப்பது பறிபோகாது. ஆனால் பட்டியல் சின்னதாக இருந்தால் ஒன்றுமே கிடைக்காமல் போகும். 130 கட் ஆஃப் வைத்திருந்த ஒரு பையன் ஐந்தே ஐந்து கல்லூரி போட்டுவிட்டு வெறுங்கையோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன். ஐம்பது, அறுபது போடட்டும், தப்பே இல்லை. ஆனால் பிள்ளை போகவே முடியாத ஊர் அதில் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

அலாட்மென்ட் வந்த பிறகு அதில் உள்ள வாய்ப்புகளை அவசரத்தில் தப்பாக அமுக்கிவிடுகிறார்கள். கிடைத்ததே போதும், சேர்கிறேன் என்பது ஒன்று. இதை வைத்துக்கொள்கிறேன், மேலே நான் போட்டிருப்பதில் காலியானால் அதைக் கொடு என்பது இன்னொன்று. இது வேண்டாம், மேலே இருப்பது வந்தால் மட்டும் போதும் என்பது மூன்றாவது, இதில் கையிலிருப்பது போய்விடும். பிறகு, இந்தச் சுற்றே வேண்டாம் அடுத்த சுற்றில் வருகிறேன் என்பதும், மொத்தமாக விலகுகிறேன் என்பதும். அமுக்குவதற்கு முன் பிள்ளையை அந்த வரியைச் சத்தமாகப் படித்து, தமிழில் அர்த்தம் சொல்லச் சொல்லுங்கள். சேர்கிறேன் என்று கொடுத்தால் சொன்ன தேதிக்குள் கல்லூரிக்குப் போய்ப் பணம் கட்டிச் சேர வேண்டும், மேலே பார்க்கிறேன் என்றால் உதவி மையத்தில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் இடம் ரத்தாகி அடுத்தவருக்குப் போகும். ஆகவே ஜூலை மாதம் வீட்டில் ஒரு தொகை கையில் இருக்க வேண்டும் என்று மே மாதமே சொல்லிவையுங்கள்.

கல்லூரி நல்லதா என்று எப்படித் தெரியும்? பேனரைப் பார்த்துத் தெரியாது. பொறியியல் கல்லூரி என்றால் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது, பாருங்கள். அதோடு ஒரு வேலை நாளில் அந்தக் கல்லூரி பஸ் நிற்கிற இடத்துக்குப் போய் இரண்டாம் வருடப் பிள்ளைகள் இரண்டு பேரிடம் பேசுங்கள். லேப் ஒழுங்காக நடக்கிறதா, வகுப்பில் அரியர் (தேறாமல் நிற்கிற பாடம்) இல்லாதவர்கள் எத்தனை பேர், சீனியர்களுக்கு என்ன வேலை கிடைத்தது, என்ன சம்பளம். பத்து நிமிடத்தில் உண்மை வந்துவிடும்.

ஏப்ரல், மே மாதத்தில் பையோடு ஊருக்குள் வந்து "எல்லாமே ஃப்ரீ, சர்ட்டிபிகேட்ட மட்டும் குடுங்க" என்று கேட்கிறவர்களிடம் ஒரு காகிதமும் கொடுக்கக் கூடாது என்று பெற்றோரிடம் இரண்டு முறை சொல்லுங்கள். ஒரிஜினல் போனால் பிள்ளை அந்தக் கல்லூரியை விட்டு நகர முடியாது. மாணவர்களின் ஒரிஜினலைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018இலேயே அறிவித்திருக்கிறது, ஆனாலும் நம் கையில் இருப்பதுதான் பாதுகாப்பு. எல்லாவற்றையும் ஐந்து செட் ஜெராக்ஸ், டி.சி.யை மட்டும் பத்து.

பணம்

வீட்டில் இதைத் தரையில் உட்கார்ந்து, காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். கல்விக் கட்டணத்தைப் பற்றித்தான் எல்லாரும் கேட்பார்கள், ஆனால் தனியார் கல்லூரியில் குடும்பத்தை மடக்குவது பஸ் கட்டணம், தேர்வுக் கட்டணம், சீருடை, மெஸ் டெபாசிட். ஒவ்வொன்றாகக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

வரவுப் பக்கமும் எழுதுங்கள். அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ ஆறாவது முதல் படித்த பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். அது 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து, அதே 1,000. கல்லூரியில் சேர்ந்த பிறகு கல்லூரி மூலமாகத்தான் பதிவார்கள், பிள்ளை பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும், அதை ஜூன் மாதமே திறந்துவிடுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்றால் பத்தாவதுக்கு மேல் படிப்பதற்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. வெளியூர் என்றால் அரசு நலத்துறை விடுதிகள், இப்போது சமூகநீதி விடுதி என்று பெயர், தங்குவதும் சாப்பாடும் இலவசம். அரசுக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கு இலவச பஸ் பாஸ்.

இதற்கும் மேல் தேவைப்பட்டால் மட்டும் கல்விக் கடன். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், 4 லட்சம் வரை சொத்துப் பத்திரம் எதுவும் கேட்கக் கூடாது, படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. வட்டி மட்டும் அப்போதும் ஏறிக்கொண்டிருக்கும் என்பதை அப்பாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மார்க் போய்விட்டால்

ரிசல்ட் அன்று காலையில் அந்தப் பிள்ளையோடு இருங்கள், ஃபோனில் அல்ல, நேரில். ஒன்றிரண்டு பாடம் போய்விட்டால் துணைத் தேர்வு அடுத்த ஓரிரு மாதத்திலேயே வருகிறது, தேறினால் அதே வருடம் கல்லூரி சேரலாம், வருடம் வீணாகாது. இதை ரிசல்ட்டுக்கு முன்பே, எல்லாப் பிள்ளைகளிடமும், நல்லா படிக்கிற பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் 14417, மனநல ஆலோசனைக்கு 104, இந்த இரண்டு எண்களும் நோட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

சேர்ந்த பிறகு

இங்கேதான் பலர் கையை விட்டுவிடுகிறோம். நானும் முதல் மூன்று வருடம் விட்டிருக்கிறேன். சேர்த்தாகிவிட்டது, இனி அவர்கள் பாடு என்று. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு முதல் இரண்டு மாதம்தான் கொடுமையானது. எல்லாம் இங்கிலீஷ், பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டுகிறார்கள், ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு விடுதி மாடியிலிருந்து ஃபோன் வரும், "அண்ணா, ஒன்னுமே புரியலண்ணா, வந்துடவா?"

அந்த ஃபோனுக்குத் தயாராக இருங்கள். வந்துடாதே என்று அதட்ட வேண்டாம், முதலில் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அப்புறம் ஒரே ஒரு பாடத்தை எடுத்து, இன்று நடத்தியதில் தெரியாத வார்த்தைகளை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இருபது முப்பது வரும், ஆனால் அதே வார்த்தைகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, இரண்டு வாரத்தில் பட்டியல் பாதியாகிவிடும். எங்கள் பிள்ளைகள் எல்லாரையும் இதை எழுத வைத்திருக்கிறேன். ஒரு பெண் தன் பட்டியலில் 'தேர்ஃபோர்' என்ற வார்த்தைக்கு எதிரே 'ஆகவே, கணக்கில் மூன்று புள்ளி' என்று எழுதியிருந்தாள். பள்ளியில் மூன்று புள்ளியாக மட்டும் பார்த்திருந்த ஒன்றுக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அதே கல்லூரியில் நம் மாவட்டத்து சீனியர் ஒருவரையாவது தேடிப் பிடித்துக் கொடுங்கள். முதல் செமஸ்டரில் கணிதத்தில் அரியர் விழாமல் பார்த்துக்கொண்டால் மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

தீபாவளிக்கு அந்தப் பிள்ளை ஊருக்கு வரும். அப்போது உங்கள் தெருவில் பிளஸ் டூ படிக்கிற அடுத்த பிள்ளையையும் கூப்பிட்டு இருவரையும் ஒன்றாக உட்கார வையுங்கள். அந்தப் பழைய நோட்டில் தேதிகளை மட்டும் அடித்துவிட்டுப் புதுத் தேதிகளை அவர்களே எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து, முதல் பக்கத்தில் எழுதியிருக்கிற ஃபோன் நம்பர் யாருடையது என்று மட்டும் கேளுங்கள்.